வண்டியில் ஒரு சாட்சி



திருச்சி பாலக்கரை ரவுண்டானாவை இவ்வூரார் அனைவரும் அறிவர். தலைமை அஞ்சல் நிலையப் பக்கமிருந்து மேலப்புதூர் சுரங்கப்பாதை வழியே வந்து சேரும் வாகனங்களும், காந்தி மார்க்கெட்டுக்குச் சுமையேற்றிச் செல்லும் வண்டிகளும், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு விரையும் ஆட்டோக்களும் ஒன்றையொன்று முந்தத் துடிக்கும் இடம் அது. சென்ற ஆண்டு ஒரு காலைப் பொழுதில் அவ்விடத்தில் நேர்ந்த சிறு விபத்தொன்றே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

மதரஸா அலுவல் ஒன்றுக்காக வாடகைக் காரின் முன்னிருக்கையில் அமர்ந்து சென்றுகொண்டிருந்தேன். ஓட்டுநர் எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த இளைஞர், ஐவேளைத் தொழுகையாளி, கடன்பட்டு அக்காரை வாங்கியவர். ரவுண்டானாவை நெருங்கியபோது இடப்புறம் ஓர் ஓசை கேட்டது. மொபெட்டில் கீரைக்கட்டுகளை ஏற்றி வந்த பெரியவர் ஒருவர் சாலையில் விழுந்து கிடந்தார். உயிருக்கு ஆபத்தில்லை; ஆனால் மணிக்கட்டு முறிந்திருந்தது. 108 ஆம்புலன்ஸை அழைத்தோம். அதற்குள் கூட்டம் கூடிவிட்டது.

"பெரியவருதான் குறுக்க வந்தாரு" என்றார் ஓட்டுநர். காவலர் என்னை நோக்கி, "நீங்க பாத்தீங்களா, பாய்?" என்று வினவினார். "ஆமாம், அவர்தான் திடீரென்று குறுக்கே வந்தார்" என்று நானும் சொன்னேன். பொய்யுரைக்கும் எண்ணம் எனக்குக் கடுகளவும் இல்லை. கண்ணால் கண்டதாகவே நம்பினேன். தாடியும் தொப்பியுமாக நிற்கும் ஒருவரின் சொல்லைக் கூட்டமும் நம்பிற்று.

அன்றிரவு இஷாத் தொழுகைக்குப் பின் அவ்விளைஞர் என் வீட்டுக்கு வந்தார். அவருடைய காரின் முன்கண்ணாடியில் டேஷ்கேம் என்னும் சிறு கேமரா பொருத்தப்பட்டிருந்தது. அதன் பதிவைக் கைப்பேசியில் போட்டுக் காட்டினார். பெரியவர் தம் பாதையில் நேராகவே சென்றுகொண்டிருக்கிறார். எங்கள் கார்தான் இடப்புறமாகச் சாய்ந்து அவரை நெருக்குகிறது. இன்டிகேட்டர் போட்டால் காருக்குள் கேட்கும் 'டிக் டிக்' ஓசை பதிவில் இல்லை. ஆனால் என் குரல் இருக்கிறது. கையிலிருந்த கடிதம் ஒன்றை நான் வாசித்துக்கொண்டு வருகிறேன். மோதும் ஓசை கேட்கும்வரை அவ்வாசிப்பு நிற்கவே இல்லை. அதாவது, கண்ணால் கண்டதாக நான் கூறிய எதையும் நான் காணவே இல்லை!

தலைகுனிந்தபடி அவ்விளைஞர் கேட்டார்: "ஹஜ்ரத், இந்தக் கார்டை எடுத்து அழிச்சுட்டா யாருக்குத் தெரியப் போகுது?"

அதற்குக் கிடைத்த விடையை இறுதியில் சொல்கிறேன். அதற்கு முன், இன்று பலரும் வாங்கத் தொடங்கிவிட்ட இக்கருவியைப் பற்றி அறிய வேண்டியவற்றை அறிந்துகொள்வோம்.

இது என்ன செய்கிறது?

வண்டி புறப்பட்டதும் தானாகவே இயங்கத் தொடங்கி, சாலையை இடைவிடாது படம்பிடிப்பது இதன் வேலை. ஒன்று முதல் ஐந்து நிமிட அளவுள்ள சிறு சிறு கோப்புகளாகக் காட்சிகள் மெமரி கார்டில் சேரும். கார்டு நிரம்பியதும் பழைய கோப்பு அழிந்து அவ்விடத்தில் புதியது அமரும். அதிர்ச்சியை உணரும் உறுப்பு ஒன்றும் உள்ளே உண்டு. மோதலோ திடீர் பிரேக்கோ ஏற்பட்டால் அந்நேரத்துக் கோப்பை அது பூட்டி வைக்கும்; பின்வரும் பதிவுகள் அதை அழிக்கமாட்டா.

ரஷ்யாவில் இக்கருவி முன்பே பெருகியிருந்தது. 2013 பிப்ரவரி 15 அன்று செல்யாபின்ஸ்க் நகரின் வானில் விண்கல் ஒன்று வெடித்தபோது, கார்களின் கேமராக்கள் அதைப் பதிவு செய்தன. விண்கல் வந்த பாதையைக் கணிக்க அறிவியலாருக்கு அப்பதிவுகள் உதவின. நம் மாநிலத்திலும் ஒரு நிகழ்ச்சி உண்டு. 2024 ஜூன் மாதத்தில் கோவை மதுக்கரை அருகே நெடுஞ்சாலையில், கேரளத்துக்குச் சென்றுகொண்டிருந்த காரை முகமூடி அணிந்த கும்பல் ஒன்று வழிமறித்துத் தாக்கியது. காரில் இருந்தவர்கள் தப்பினர். காரின் கேமராவில் பதிவான காட்சி நாடெங்கும் பரவியது. காவல்துறை சிலரைக் கைது செய்தது. நள்ளிரவுச் சாலையில் வேறு சாட்சி யார் இருந்திருக்க முடியும்?

வாங்கும்போது

விளம்பரத்தில் காணும் பெரிய எண்களைக் கண்டு மயங்க வேண்டாம். 1080பி தெளிவு குறைந்த அளவாகத் தேவை. 1440பி கிடைத்தால் முன்செல்லும் வண்டியின் எண் இன்னும் நன்றாகத் தெரியும். பார்வைக் கோணம் 130 முதல் 150 பாகை வரை இருந்தால் போதும். அதற்கு மேல் விரிந்தால் காட்சி அகலும்; ஆனால் எண்பலகை கடுகு போலச் சிறுத்துவிடும். கடைக்காரரிடம் இரவுப் பதிவொன்றைக் காட்டச் சொல்லிப் பார்த்தே வாங்குக. பகலில் எல்லாக் கேமராவும் நல்ல கேமராதான்.

நம் திருச்சி வெயிலை மறந்துவிடலாகாது. வெயிலில் கதவடைத்து நிறுத்திய காரின் முன்கண்ணாடியருகே வெப்பம் 60 பாகை செல்சியஸையும் தாண்டக்கூடும். லித்தியம் பேட்டரி உள்ள கருவிகள் அவ்வெப்பத்தில் உப்பிப் பழுதாகும். ஆகவே பேட்டரிக்குப் பதிலாக சூப்பர் கெபாசிட்டர் உள்ள கருவியைக் கேட்டு வாங்குவது அறிவுடைமை.

கார்டில் சிக்கனம் கூடாது. இடைவிடாத பதிவுக்கென்றே தயாரிக்கப்படும் 'ஹை எண்டூரன்ஸ்' வகைக் கார்டுதான் இதற்கு ஏற்றது. கைப்பேசியில் கிடந்த பழைய கார்டு சில மாதங்களில் சத்தமின்றிச் செத்துவிடும். 1080பி தெளிவில் ஒரு மணி நேரப் பதிவுக்கு ஏறத்தாழ 6 முதல் 8 ஜி.பி. இடம் வேண்டும். 64 ஜி.பி. கார்டில் சுமார் எட்டு முதல் பத்து மணி நேரம் தங்கும் என்று கணக்கிட்டுக் கொள்ளலாம். வாடகை வண்டி ஓட்டுவோருக்கு 128 ஜி.பி. நலம். பின்னாலிருந்து மோதும் விபத்துகளும் உண்டாகையால், வசதியுள்ளோர் பின்கண்ணாடிக்கும் ஒரு கேமரா வைக்கலாம்.

பொருத்தும்போது

உள்ளே பின்னோக்கிப் பார்க்கும் கண்ணாடிக்குப் பின்புறம், ஓட்டுநரின் பார்வையை மறைக்காத இடமே இதற்கு உரியது. அவ்விடம் வைப்பர் துடைக்கும் எல்லைக்குள் இருக்க வேண்டும். இல்லையேல் மழைநாளில் நீர்த்துளிகள் மட்டுமே பதிவாகும். உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் கோடையில் கழன்று விழும். ஒட்டும் பட்டையே உறுதியானது. வயரைக் கூரையோரத்திலும் கதவோரத்திலும் செருகிக் கொண்டு வருகையில், பக்கவாட்டு ஏர்பேக் விரியும் வழியில் அது குறுக்கிடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

மின்சாரத்தைச் சிகரெட் லைட்டர் துளையிலிருந்து எடுப்பது எளிது. ஃபியூஸ் பெட்டியிலிருந்து எடுப்பதாயின் தேர்ந்த எலக்ட்ரீஷியனைக் கொண்டே செய்க. வண்டி நிற்கும்போதும் பதிவு வேண்டுவோர், பேட்டரி மின்னழுத்தம் குறைந்தால் தானே துண்டிக்கும் அமைப்பையும் சேர்த்துப் பொருத்த வேண்டும். இல்லையேல் ஸஹர் நேரத்தில் வண்டி கிளம்பாது! புதிய காராயின், வயரை வெட்டினால் வாரண்டி பாதிக்குமா என ஷோரூமில் முன்னதாகக் கேட்டறிக.

எல்லாவற்றுக்கும் மேலாக, தேதியையும் நேரத்தையும் சரியாக அமைத்திடுங்கள். தவறான தேதி காட்டும் பதிவு, எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு நீங்களே கொடுக்கும் ஆயுதமாகும். மாதம் ஒருமுறை பதிவு ஆகிறதா என்று பார்த்து, கார்டை ஃபார்மட் செய்வதும் கடமை. விபத்து நடந்த பின்பு பார்த்து, ஆறு மாதங்களாக ஒன்றுமே பதிவாகவில்லை என்று அறிவதில் பயனென்ன?

சட்டத்தின் பார்வையில்

படம் இருக்கிறது என்பதாலேயே நீதிமன்றம் அதை ஏற்றுவிடாது. மின்னணுப் பதிவின் நகலை அளிப்போர் அதற்குரிய சான்றிதழையும் அளிக்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2014லும், பின்னர் 2020லும் தெளிவுபடுத்தியது. மூலக் கருவியையே அதன் உரிமையாளர் நேரில் கொணர்ந்து மெய்ப்பித்தால் சான்றிதழ் தேவையில்லை என்றும் 2020ஆம் ஆண்டுத் தீர்ப்பு கூறியது. 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் நடைமுறையில் உள்ளது. அதன் 63ஆம் பிரிவின்படியான சான்றிதழில் 'ஹாஷ்' எனப்படும் எண்ணும் இடம்பெறுகிறது. அது பதிவின் கைரேகை போன்றது. பதிவில் அணுவளவு மாற்றினாலும் அவ்வெண் மாறிவிடும்.

ஆகவே விபத்து நேர்ந்தால் கார்டை உடனே கழற்றிப் பத்திரப்படுத்துக. வெட்டவோ ஒட்டவோ செய்யாதீர். நகலொன்று எடுத்து வைத்துக்கொண்டு, காவல் நிலையத்தில் கார்டை ஒப்படைக்கும்போது அத்தாட்சிச் சீட்டுப் பெறுங்கள். நீதிமன்றத்தில் காட்டவேண்டிய மின்னணுப் பதிவை மறைப்பதும் அழிப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 241ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம்.

இன்னொன்று. கேமரா சாட்சி சொல்லும்; காயம்பட்டவரைத் தூக்காது. அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதும், காவல்துறைக்குத் தெரிவிப்பதும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவு ஓட்டுநர் மீது சுமத்தும் கடமைகள். உதவ முன்வரும் வழிப்போக்கரை 2019இல் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவு பாதுகாக்கிறது. சாலை விபத்தில் சிக்கியோருக்கு முதல் 48 மணி நேரத்துக்கு இலவச மருத்துவம் வழங்கும் 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தைத் தமிழக அரசு 2021இல் தொடங்கியது. முதலில் மனிதரைப் பாருங்கள்; பின்னர் கேமராவைப் பார்க்கலாம்.

பிறர் மானம்

இக்கருவியால் விளையும் தீங்கும் உண்டு. சாலையில் தடுக்கி விழுந்தவரையும், சண்டையிட்ட தம்பதியரையும் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் பரப்பிச் சிரிப்போரைக் காண்கிறோம். பிறரைத் துருவித் துருவி ஆராய்வதை அல்-ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம் தடுக்கிறது. தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். உள்ளே நடக்கும் உரையாடலையும் கருவி பதிவு செய்கிறது என்றால், வாடகைக்கு ஏறுவோரிடம் அதைச் சொல்லிவிடுவதே நேர்மை. பதிவு சேரவேண்டிய இடம் காவல் நிலையம், காப்பீட்டு நிறுவனம், நீதிமன்றம் ஆகியவையே.

அன்றிரவு நடந்தது

இனி அவ்விளைஞரின் கேள்விக்கு வருவோம். அவருடைய அச்சம் எனக்குப் புரியாமலில்லை. வழக்கு வரும், லைசென்ஸுக்குக் கேடு வருமோ என்ற கவலை, மாதத் தவணை வேறு. எனினும் எங்கள் இருவருக்கும் மனப்பாடமான ஒரு வசனம் உண்டு. அந்-நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம், நமக்கே எதிராக இருந்தாலும், பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராக இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நிற்கக் கட்டளையிடுகிறது. இதை நான் ஆண்டுதோறும் மாணவர்களுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். என் வாசலுக்கே வந்து அது கேள்வி கேட்டது அன்றுதான்.

"தம்பி, உன் கார்டை அழித்துவிடலாம். என் நாவால் நான் சொன்ன பொய்ச் சாட்சியை எங்கே போய் அழிப்பது? நம் இரு தோள்களிலும் இருக்கும் கிராமன் காத்திபீன்களின் ஏட்டை யார் அழிப்பது?" என்றேன். நெடுநேரம் அவர் பேசவில்லை. பின்னர், "சுபுஹு தொழுதுட்டு ஸ்டேஷனுக்குப் போவோம், ஹஜ்ரத்" என்றார்.

மறுநாள் காலையில் இருவரும் சென்றோம். கார்டை ஒப்படைத்தோம். முதல்நாள் நான் சொன்னது தவறு என்று எழுதிக் கையொப்பமிட்டேன். வழக்குப் பதிவாயிற்று, அவர் அபராதம் கட்டினார். காப்பீட்டின் வழியே இழப்பீடு கோரும் பெரியவரின் மனு தீர்ப்பாயத்தில் இருக்கிறது. அது முடியும்வரை காத்திராமல், அவர் வேலைக்குப் போகமுடியாத நாட்களுக்கான தொகையை அவ்விளைஞர் தவணை முறையில் கொடுத்து வந்தார்.

காவல் நிலையத்திலிருந்து நேரே பெரியவரின் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டோம். மாவுக்கட்டுப் போட்ட கையோடு திண்ணையில் அமர்ந்திருந்தவர், நாங்கள் சொன்னதைக் கேட்டு வியந்தார். "எல்லாரும் சொன்னாங்களே, நான்தான் குறுக்க வந்துட்டேன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன், தம்பி. ராத்திரி பூரா கண்ணு மங்கிப்போச்சோன்னு தூக்கமில்ல. வண்டிய வித்துரலாம்னு மகன்கிட்ட சொல்லிட்டேன்" என்றார்.

அன்புள்ள வாசகர்களே! அவருடைய பிழைப்பையும், தம் கண்மீது அவர் கொண்டிருந்த நம்பிக்கையையும் என் ஒற்றைச் சொல் பறிக்க இருந்தது. நான் கெட்ட எண்ணத்தோடு அதைச் சொல்லவில்லை என்பது அவருக்கு எவ்வகையில் உதவியிருக்கும்? கேமரா வாங்குங்கள், நல்லதாகப் பார்த்து வாங்குங்கள். ஆனால் நமக்குச் சாதகமாகப் பேசும்போது மட்டும் அதைக் கேட்பது என்றிருந்தால், அது சாட்சியாகாது; வெறும் கூலியாளே ஆகும். நமக்கு எதிராக அது வாய்திறக்கும் நாளில் கார்டின் மீது கைவைக்காதிருக்கும் உறுதியை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.