கருப்பையில் உறங்கும் பகை

பசு கன்று ஈன்றதும் வீட்டாரின் கவனமெல்லாம் கன்றின்மீதும் சீம்பாலின்மீதும் சென்றுவிடுகிறது. அவ்வேளையில் தாய்ப்பசுவின் கருப்பைக்குள் நிகழும் போராட்டத்தை எண்ணிப்பார்ப்பவர் சிலரே. அதனைப் பற்றியே இன்று மாணவர்களாகிய உங்களிடம் பேச விரும்புகிறேன்.

ஈனும்போது கருப்பையின் வாய் அகலத் திறக்கிறது. சாணத்திலும் தொழுவத்து மண்ணிலும் வாழும் பாக்டீரியாக்கள் அவ்வழியே உட்புகுகின்றன. இதற்கு விலக்கான பசுவைக் காண்பது அரிது. பெரும்பாலான பசுக்கள் சில வாரங்களில் அவற்றை வெளியேற்றிவிடும். ஈன்று 21 நாள் கழிந்த பின்னும் சீழ் வடியுமாயின், கருப்பையின் உட்சுவரில் அழற்சி நிலைத்துவிட்டது என்று கொள்ளவேண்டும். அத்தகைய பசு சினைப்பிடிக்கக் காலம் கடக்கும். சில பசுக்கள் பிடிப்பதே இல்லை. சினையில்லையேல் கன்றில்லை, கன்றில்லையேல் பாலில்லை. ஒற்றைப் பசுவை நம்பி வாழும் குடும்பத்திற்கு இது சிறிய இழப்பா?

பாக்டீரியாக்களுள் பெரும்பாலும் முன்னே வருவது ஈ. கோலி. அது வழிவகுத்தபின் வருவது ட்ரூபெரெல்லா பயோஜீன்ஸ். (அறிஞர்கள் இதற்குப் பலமுறை பெயர் மாற்றிவிட்டார்கள், இப்பெயர் 2011-இல் வந்தது. பழைய நூல்களில் கொரினிபாக்டீரியம் என்று இருக்கும்.) இது சுரக்கும் பயோலைசின் என்னும் நஞ்சு, செல்களின் சவ்வைத் துளைத்துவிடுகிறது. உட்சுவரின் மேற்புறச் செல்கள் இந்நஞ்சை ஓரளவு தாங்கும். அடியிலுள்ள செல்கள் தாங்கமாட்டா. நஞ்சுக்கொடி பிரிந்த இடங்களிலோ மேலுறை இராது. புண்பட்ட நிலத்தில் நஞ்சு பாய்கிறது.

இனி வைரஸுக்கு வருவோம். மாட்டு ஹெர்ப்பிஸ் வைரஸ் 4 என்பது 1960-களில் ஹங்கேரி நாட்டில் நோயுற்ற கன்றுகளிலிருந்து முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டது. இது உடலைக் காக்கும் மேக்ரோஃபேஜ் என்னும் வெள்ளணுக்களிலேயே மறைந்து உறங்கக்கூடியது. காவலனின் சட்டைப்பைக்குள்ளேயே கள்வன்! பாக்டீரியாவை எதிர்க்க அவ்வணுக்கள் கருப்பைக்கு விரைகையில் வைரஸும் உடன் செல்கிறது. அழற்சியுற்ற செல்கள் சுரக்கும் பிராஸ்டகிளாண்டின் ஈ2 அதனைத் தட்டியெழுப்புகிறது என்பதை ஆய்வுக்கூடச் செல்வளர்ப்புகளில் கண்டிருக்கிறார்கள். எழுந்த வைரஸ் செல்களை அழிக்க, அழற்சி மேலும் மூளுகிறது. இவ்வைரஸை உடைய பசுக்களெல்லாம் நோயுறுவதில்லை. பாக்டீரியாவின் துணையிருந்தால்தான் இதன் கை ஓங்குகிறது என்பதே என் கருத்து.

ஆன்டிபயாடிக் மருந்து பாக்டீரியாவை அடக்கும். வைரஸை ஒன்றும் செய்யாது. ஆதலின் ஈனும் இடத்தின் தூய்மையையே நான் முதலில் வற்புறுத்துவேன். விழாத கொடியை இழுத்துப் பறிப்பது உட்சுவரைக் கிழிக்கும். மேலும், கொடி தங்குவதற்குப் புரூசெல்லா அபார்ட்டஸ் என்னும் பாக்டீரியாவும் ஒரு காரணம். 1897-இல் டென்மார்க்கில் பெர்னார்ட் பாங் கண்டறிந்த அது மனிதரையும் தொற்றும். வெறுங்கையால் அக்கொடியைத் தொடலாகாது. கால்நடை மருத்துவர் வரும்வரை காத்திருங்கள்.