ஆகாயத்தில் ஒரு கட்டில்

பிசினஸ் கிளாஸ் என்ற வகுப்பே ஒரு மனக்குறையில் பிறந்ததுதான். 1970களில் நீண்டதூர விமானங்களில் முதல் வகுப்பு, எகானமி என்று இரண்டே பிரிவு. கம்பெனி வேலையாகக் கடைசி நேரத்தில் முழுக் கட்டணம் கட்டி ஏறியவரும், மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்து சலுகை விலையில் சுற்றுலா கிளம்பியவரும் எகானமியில் தோளோடு தோள் உரசி உட்கார்ந்திருந்தார்கள். சீட்டும் ஒன்று, சாப்பாடும் ஒன்று. முழுக் கட்டணக்காரருக்கு வயிறு எரியாதா? அந்த எரிச்சலைத் தணிக்க 1978இல் பான் ஆம் ‘கிளிப்பர் கிளாஸ்’ என்றும், பிரிட்டிஷ் ஏர்வேஸ் ‘கிளப்’ என்றும் அவர்களுக்குத் தனி இடம் ஒதுக்கின. மறு வருஷம் ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் ‘பிசினஸ் கிளாஸ்’ என்று பெயர் வைத்தது. அதுவே நிலைத்துவிட்டது.

தொடக்கத்தில் அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. எகானமியின் முன்பகுதியில் ஒரு திரை, காசு வாங்காமல் மது, கொஞ்சம் அமைதி, அவ்வளவுதான். நாற்காலிக்கே முக்கியத்துவம் வந்தது 1981இல். பிரிட்டிஷ் ஏர்வேஸ் ‘சூப்பர் கிளப்’ என்று 24 அங்குல அகலச் சீட்டைக் கொண்டுவந்தது. நன்றாகச் சாயலாம், படுக்க முடியாது. லண்டனிலிருந்து பம்பாய்க்கு ராத்திரி முழுக்கப் பறந்து இறங்கினால் கழுத்து ஒரு பக்கம் திரும்பாது. ஆனாலும் அந்தக் காலத்துக்கு அது சுகம்தான். அகலம்தான் அன்று அந்தஸ்து.

அன்றைய வசதிக்குறைவுகளை இன்று கேட்டால் சிரிப்பு வரும். விமானம் முழுக்கச் சிகரெட் புகை. புகைப்பவர், புகைக்காதவர் என்று வரிசை பிரித்திருப்பார்கள், ஆனால் பிரிக்கிற சுவர் எதுவும் கிடையாது. புகைப்பவரின் வரிசைக்கு அடுத்த வரிசை ‘புகையற்ற’ பகுதி! எல்லோருக்கும் பொதுவாக முன்னால் ஒரு திரை, ஒரே படம். காதில் டாக்டர் ஸ்டெதஸ்கோப் மாதிரி ஒரு குழாய். படம் பிடிக்கவில்லை என்றால் கண்ணை மூடிக்கொள்ள வேண்டியதுதான்.

சாம்பல் கிண்ணத்துக்கே ஒரு வரலாறு உண்டு. 1967இல் ஏர் இந்தியா தன் முக்கியப் பயணிகளுக்குப் பரிசளிக்க ஓவியர் சால்வடோர் டாலியைக் கொண்டு ஒரு பீங்கான் சாம்பல் கிண்ணம் வடிவமைத்தது. சன்மானமாக அவர் பணம் கேட்கவில்லை, யானைக்குட்டி கேட்டார். அனுப்பியும் வைத்தார்கள். இன்று எந்த விமான நிறுவனத்தின் கணக்குப் பிரிவு இதற்குக் கையெழுத்துப் போடும்? புகை போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. ஆனால் விமானக் கழிவறைக் கதவில் சாம்பல் கிண்ணம் மட்டும் இன்றும் இருக்கிறது. தடையை மீறி யாராவது பற்றவைத்துவிட்டால், துண்டைக் குப்பைத் தொட்டியில் போட்டுத் தீப்பிடிக்கக் கூடாது என்பதற்காக விதியே அப்படி.

பெரிய மாற்றம் 2000ஆம் ஆண்டு வந்தது. பிரிட்டிஷ் ஏர்வேஸ், அதுவரை முதல் வகுப்புக்கு மட்டும் என்றிருந்த தட்டையான படுக்கையை பிசினஸ் கிளாஸுக்கு இறக்கியது. பொத்தானை அமுக்கினால் நாற்காலி சுமார் 6 அடிக் கட்டிலாக நீளும். முழுக் கட்டில் என்றால் இடம் வேண்டுமே, விமானத்தின் அகலமோ நீளமோ கூடப்போவதில்லையே. அதற்கு லண்டன் வடிவமைப்பாளர்கள் கண்ட வழி விசித்திரமானது. ஒருவர் முன்னோக்கி உட்காருவார், பக்கத்தில் இருப்பவர் பின்னோக்கி. ஒருவர் தோள் இருக்கும் இடத்தில் அடுத்தவர் கால். மிச்சம் பிடித்த அந்த அங்குலங்களில்தான் 777 விமானத்தில் ஒரு வரிசைக்கு எட்டுக் கட்டில் போட முடிந்தது.

விளைவு என்ன தெரியுமா? பக்கத்துச் சீட்டில் முன்பின் தெரியாத ஒருவரின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தபடி விமானம் மேலே ஏறும். நடுவில் ஒரு சின்னத் தடுப்புத் திரை உண்டு, அதை மேலே ஏற்றிக்கொள்ளலாம். முதலில் யார் ஏற்றுவது என்பதில் ஒரு தர்மசங்கடம்: உடனே ஏற்றினால் மரியாதைக் குறைவு, ஏற்றாவிட்டால் பத்து மணி நேரம் முகம் பார்க்க வேண்டும். சாப்பாடு வரும்போது இன்னும் வேடிக்கை. ஜன்னலோரக்காரருக்கு டிரே கொடுக்க வேண்டுமென்றால், பணிப்பெண் அந்தத் தடுப்பை இறக்கி, நடைபாதையோரம் இருப்பவரின் மடிக்கு மேலாகக் கையை நீட்டித் தர வேண்டும். தூங்கிக்கொண்டிருந்தவர் விழித்துப் பார்த்தால் மூக்குக்கு நேரே சூப் கிண்ணம் போகும். ராத்திரியில் கழிவறைக்குப் போக ஜன்னலோரக்காரர் அடுத்தவரின் நீட்டிய காலைத் தாண்டிக் குதிக்க வேண்டும். அவர் வேட்டி கட்டியிருந்தால் பாடு இன்னும் அதிகம். இருந்தும் அந்த ஏற்பாடு சுமார் இருபது வருஷம் ஓடியது. காரணம் எளிது. தட்டையாகப் படுக்க முடிந்தால் மனிதன் மற்ற எதையும் பொறுத்துக்கொள்வான்.

மற்ற நிறுவனங்கள் பின்தொடர்ந்த விதம் எல்லாம் ஒன்றாக இல்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2002இல் ‘ஸ்பேஸ்பெட்’ என்று ஒன்றைப் போட்டது. படுக்கைதான், ஆனால் சரிந்த படுக்கை. அந்தக் காலத்தில் பல நிறுவனங்களும் இந்தச் சரிவுக் கட்டிலைத்தான் வைத்திருந்தன. சறுக்கு மரத்தில் படுத்த மாதிரி, தூக்கம் வரும் நேரத்தில் உடம்பு மெல்லக் கீழே நகர்ந்து கால் போய் முட்டும். விளம்பரத்தில் மட்டும் ‘படுக்கை’ என்று பெரிய எழுத்தில் இருக்கும். சென்னைக்கும் பறக்கிற லுஃப்தான்சா முழுத் தட்டைக்கு வந்தது 2012இல்தான்.

சிங்கப்பூர்க்காரர்கள் வேறு ஒரு விஷயத்தில் முந்திக்கொண்டார்கள். சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் பக்கத்து நியூவர்க்குக்கு 2004இல் நேரடி விமானம் விட்டார்கள். பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் ஒரே பறத்தல். 2008 முதல் அந்த விமானத்தில் 100 சீட்டுதான், எல்லாமே பிசினஸ் கிளாஸ். நான்கு எஞ்சின் விமானம் எண்ணெயைக் குடித்துத் தள்ளியதால் 2013இல் நிறுத்தி, எரிபொருளைச் சிக்கனமாகச் செலவழிக்கும் ஏ350 விமானம் வந்தபிறகு 2018இல் மீண்டும் தொடங்கினார்கள். இன்றும் அதில் எகானமி கிடையாது.

கட்டில் வந்தபிறகு சேவையின் முகமும் மாறியது. எழுபதுகளில், எண்பதுகளில் விமானப் பயணம் நாடகம் மாதிரி நடந்தது. டிராலி வரும், சூடான துண்டு வரும், பணிப்பெண் நின்று ஊர் விசாரிப்பார். பயணி விழித்திருந்தார், வேறு வேலையும் அவருக்கு இல்லை. இன்றோ ஏறியதும் படுக்கிறார், இல்லையென்றால் லேப்டாப்பைத் திறக்கிறார். முதலில் கேட்கிற கேள்வியே ‘வைஃபை இருக்கிறதா?’ என்பதுதான். நல்ல சேவை என்பதற்கு அன்று அடிக்கடி வந்து கேட்பது என்று பொருள். இன்று எழுப்பாமல் இருப்பது. இதை நிறுவனங்கள் நன்றாகப் பிடித்துக்கொண்டன, செலவும் குறைகிறதே! 2010இல் பிரிட்டிஷ் ஏர்வேஸில் பணியாளர் வேலைநிறுத்தம் பெரிதாக வெடித்தது. அந்த வருஷமே புதிதாகச் சேர்பவர்களுக்குக் குறைந்த சம்பளத்தில் தனி அணி ஒன்றைத் தொடங்கினார்கள். இருபது வருஷ அனுபவசாலி ஒரு பயணியின் முகத்தைப் பார்த்தே தேவையைப் புரிந்துகொள்வார். அந்த அனுபவத்துக்குச் சம்பளம் கொடுக்க இன்று எத்தனை நிறுவனம் தயார்? சட்டம் கேட்பதோ 50 சீட்டுக்கு ஒரு பணியாளர். அதுவும் உபசரிக்க அல்ல, ஆபத்தில் கதவைத் திறந்து ஆட்களை வெளியேற்ற.

சாப்பாட்டில் எனக்குக் குறை சொல்ல மனம் வரவில்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 1998இலேயே, வேண்டிய உணவை முன்கூட்டிச் சொல்லிவைக்கும் ஏற்பாட்டைத் தொடங்கிவிட்டது. இன்று பல நிறுவனங்களில், நினைத்த நேரத்தில் சாப்பாடு கேட்கலாம். சைவர்களுக்கு அன்று அவித்த கேரட்டும் பட்டாணியும்தான் விதி. இப்போது ‘ஏஷியன் வெஜ்’ என்று சொல்லிவைத்தால் பக்கத்துச் சீட்டுக்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்கு மணக்கிற சாப்பாடு வருகிறது. மேலே நாக்குக்கு உப்பும் இனிப்பும் மட்டுப்படும் என்பதை ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிலையம் லுஃப்தான்சாவுக்காகக் காற்றழுத்தம் குறைத்த மாதிரி அறையில் ஆட்களைச் சாப்பிடவைத்துச் சோதித்தது. ஆகவே விமானத்தில் ஊறுகாய் கேட்கிற நம்மூர்க்காரர்களைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம்.

கண்ணுக்குத் தெரியாத மாற்றம் ஒன்று உண்டு. என் கணக்கில் கட்டிலுக்கு அடுத்தபடி அதுதான் பெரியது. பழைய விமானங்களுக்குள் காற்றழுத்தம் சுமார் 8,000 அடி மலை உச்சியில் இருப்பதற்குச் சமம். கலப்புப் பொருள்களால் உடல் கட்டிய போயிங் 787, ஏ350 இரண்டிலும் அது 6,000 அடிக்கு இறங்கிவிட்டது. ஈரப்பதத்தையும் கூட்டிவைக்க முடிகிறது. இறங்கும்போது தலைவலி குறைவு, தொண்டை அவ்வளவாக வறள்வதில்லை. இதற்கு எந்த வகுப்புச் சீட்டும் வேண்டாம், எகானமிக்காரருக்கும் அதே காற்றுதான்.

கடைசியாகக் கதவு வந்தது. கத்தார் ஏர்வேஸ் 2017இல் ‘க்யூசூட்’ என்று சீட்டைச் சுற்றிச் சுவரெழுப்பி இழுகதவு வைத்தது. நடுவில் இரண்டு சீட்டை இணைத்தால் தம்பதிக்கு இரட்டைக் கட்டில். 2019இல் பிரிட்டிஷ் ஏர்வேஸும் அந்தப் பின்னோக்கி உட்கார்கிற ஏற்பாட்டைக் கைவிட்டு, எல்லோரும் முன்னோக்கி அமர்கிற, கதவுள்ள ‘கிளப் சூட்’டுக்கு மாறத் தொடங்கியது. விமானம் கிளம்பும்போதும் இறங்கும்போதும் கதவு திறந்தே இருக்க வேண்டும் என்பது விதி. மற்ற நேரம் சாத்திக்கொள்ளலாம். முன்பு முதல் வகுப்பில் மட்டுமே கிடைத்த தனிமை இது. பல நிறுவனங்கள் முதல் வகுப்பையே எடுத்துவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தத் தனிமை எல்லோருக்கும் வேண்டியதா என்றால், இல்லை. ஒருமுறை எனக்கு அடுத்த வரிசையில் எழுபது வயது கடந்த ஓர் அம்மா இருந்தார். அமெரிக்காவிலிருக்கும் மகன் பயணப் புள்ளிகளைச் சேர்த்து எடுத்துக் கொடுத்த டிக்கெட். சீட்டின் பக்கவாட்டில் ஒரு தொடுதிரை, படங்களாக நிறையப் பொத்தான்கள். எதைத் தொட்டாலும் சீட்டு எங்கோ நகர, அவர் இரண்டு கைப்பிடியையும் இறுகப் பற்றிக்கொண்டார். பணிப்பெண் வந்து படுக்கை போட்டுத் தந்து, நல்லெண்ணத்தோடு கதவையும் சாத்தப் போனார். “சாத்தாதேம்மா, தொறந்தே இருக்கட்டும். யாராவது போறது வர்றது தெரிஞ்சாத்தான் எனக்குத் தூக்கம் வரும்” என்றார் அவர். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் கையைப் பார்த்துப் புரிந்துகொண்டு கதவை விட்டுவிட்டார். ராத்திரி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு வினாடி நின்று பார்த்துவிட்டுப் போனார். விளம்பரத்தில் எங்கும் இல்லாத சேவை அது.

இன்று பிசினஸ் கிளாஸில் இருக்கிற பெரிய தொல்லை ஏற்றத்தாழ்வுதான். ஒரே நிறுவனம், ஒரே கட்டணம், ஆனால் எந்த விமானம் வருகிறது என்பதைப் பொறுத்துத் தலையெழுத்து மாறும். ஏர் இந்தியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022இல் டாடாவின் கைக்குத் திரும்பியபிறகு 2024இல் ஏ350 வந்தது. அதில் 28 பிசினஸ் சீட்டுகள், எல்லாவற்றுக்கும் கதவு, நடைபாதைக்கு நேரே வழி. அவர்களுடைய பழைய 777இலோ ஒரு வரிசைக்கு இரண்டு, மூன்று, இரண்டு என்று ஏழு சீட்டு, நடுவில் மாட்டிக்கொண்டவர் அடுத்தவரைத் தாண்டித்தான் எழ வேண்டும். மற்றொரு நிறுவனத்தில் (பெயர் வேண்டாம்) என் சீட்டின் மோட்டாரே வேலை செய்யவில்லை. இரண்டு பணியாளர்கள் மண்டியிட்டு, அடியில் எங்கோ ஒரு நாடாவை இழுத்து, கையால் தள்ளித்தான் அதைக் கட்டிலாக்கினார்கள். காலையில் அதை நிமிர்த்த மறுபடி அதே பாடு. முன்பு நாற்காலி வெறும் நாற்காலி, கெட்டுப்போக அதில் ஒன்றுமில்லை.

ராத்திரிப் பயணம், உழைக்கிற வயது என்றால் இன்றைய கட்டிலுக்கு ஈடாக அன்றைய எந்த உபசாரத்தையும் நான் கேட்க மாட்டேன். ஆனால் வயதான அம்மா அப்பாவுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுக்கிறவர்கள் கட்டிலை மட்டும் நம்ப வேண்டாம். விலையைப் பார்க்கும்போதே எந்த விமானம், என்ன சீட்டு வரைபடம் என்று பாருங்கள். பணியாளர் நடமாட்டம் இருக்கிற இடத்துக்குப் பக்கமாக நடைபாதைச் சீட்டைப் பிடியுங்கள். வீல்சேரையும் ஏஷியன் வெஜ் சாப்பாட்டையும் அப்போதே பதிந்துவிடுங்கள். அழைப்பு மணியின் படம் எப்படி இருக்கும் என்று போனில் காட்டிக்கொடுங்கள், அதை அமுக்கக் கூச்சப்படத் தேவையில்லை என்றும் சொல்லி அனுப்புங்கள். அதற்கும் சேர்த்துத்தான் பணம் கட்டியிருக்கிறீர்கள்.