நன்கொடை வாக்குறுதி சட்டப்படி செல்லுமா?

மண்டபத் திருப்பணிக்கு 1,000 வெள்ளி தருவதாகச் சபையில் சொன்னவர் பிறகு தராவிட்டால் வழக்குத் தொடரலாமா என்று பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் அன்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு. நமது 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 1872ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தைத் தழுவியது. ஆகவே இந்தியத் தீர்ப்புகளுக்கு இங்கும் மதிப்புண்டு.

ஒருவர் முன்மொழிய, மற்றவர் ஏற்க வேண்டும். இருவரும் 18 வயது நிரம்பிய, தெளிந்த மனத்தினராயிருத்தல் அவசியம். மிரட்டியோ ஏமாற்றியோ பெற்ற சம்மதம் போதாது. நோக்கமும் சட்டத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும். இவையெல்லாம் எளிதில் விளங்கும். சிக்கல் 'பிரதிபலன்' என்பதில்தான். வாக்குக்கு ஈடாக மறுதரப்பு ஏதேனும் செய்யவோ தரவோ வேண்டும். வெறும் அன்பளிப்பு வாக்குக்கு அந்த ஈடு கிடையாது. 26ஆம் பிரிவின் சில விலக்குகள் தவிர, அது செல்லாது.

பள்ளிவாசல் பழுதுபார்ப்புக்கு வாக்களித்த 500 ரூபாயைக் கேட்ட வழக்கு 1914இல் அலகாபாத்தில் தோற்றது. அந்த வாக்கை நம்பி எந்த வேலையும் நடந்திருக்கவில்லை. ஆனால் 1886இல் ஹௌரா நகர மண்டபத்துக்கு 100 ரூபாய் எழுதிக் கையொப்பமிட்டவர் அதைக் கட்டியே தீரவேண்டும் என்றது கல்கத்தா உயர்நீதிமன்றம். நன்கொடைப் பட்டியலை நம்பித்தான் குத்தகைக்காரரிடம் வேலை ஒப்படைக்கப்பட்டது. அது அவருக்கும் தெரியும்.

அன்பரை வழக்குமன்றத்துக்கு இழுப்பது அழகா என்பது வேறு விஷயம். குத்தகைக்காரரோடு செய்யும் ஒப்பந்தத்தில் மேற்சொன்ன அம்சங்கள் அனைத்தும் இருக்கும். நன்கொடை வராவிட்டாலும் அவருக்குப் பணம் கொடுத்தாக வேண்டும். எனவே இன்ன வேலைக்கு, இன்ன தொகை என்று எழுதி வாங்கிய பின்னரே அவரிடம் கையொப்பமிடுமாறு நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன்.