இடக்கைப் பந்துவீச்சுக்கு ஏன் இத்தனை மதிப்பு?

2017ஆம் ஆண்டு ஐ.பி.எல். ஏலம். சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி என்னும் சிற்றூரைச் சேர்ந்த தங்கராசு நடராஜனின் அடிப்படை விலை 10 லட்சம் ரூபாய். பஞ்சாப் அணி அவரை எடுத்த விலையோ 3 கோடி ரூபாய். அடிப்படை விலையைப் போல் முப்பது மடங்கு! டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்த அவர், அதற்கு முந்தைய ஆண்டில்தான் தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் யார்க்கர் பந்துகளால் பலர் கண்ணிலும் பட்டிருந்தார். யார்க்கர் வீசுவோர் வேறு பலரும் உண்டு. ஆனால் நடராஜன் இடக்கையால் வீசுபவர்.

எம். புதுப்பட்டி, சிவகாசி வட்டாரங்களில் மாலை வேளைகளில் ஆடும் இளைஞர்களிடையே, "இடக்கைக்காரனுக்கு எந்த அணியிலும் இடம் உண்டு" என்ற பேச்சைக் கேட்கலாம். இதில் எவ்வளவு உண்மை இருக்கிறது? இயற்பியல் துணையோடு ஆராய்வோம்.

கோணம் செய்யும் வேலை

கிரிக்கெட் ஆடுகளத்தின் இரு முனைகளிலும் உள்ள விக்கெட்டுகளுக்கு இடையே தூரம் 20.12 மீட்டர். வீச்சாளர் தம் எல்லைக் கோட்டருகே பந்தை விடுவிக்கிறார். அங்கிருந்து எதிர் விக்கெட்டுக்கு ஏறத்தாழ 18.9 மீட்டர். வலக்கை வீச்சாளர் விக்கெட்டை ஒட்டி வீசும்போது பந்து அவர் கையிலிருந்து விக்கெட்டின் இடப்புறம் புறப்படுகிறது. இடக்கை வீச்சாளர் கையிலிருந்து அது வலப்புறம் புறப்படுகிறது. ஒவ்வொருவர் கையும் நடுக்கோட்டிலிருந்து அரை மீட்டர் தள்ளியிருப்பதாகக் கொள்வோம்.

இருவரும் எதிர் விக்கெட்டுக்கு 6 மீட்டர் முன்னால், நடு ஸ்டம்புக்கு நேராக ஒரே இடத்தில் பந்தைக் குத்துகிறார்கள் என்க. பந்து குத்துமுன் சுமார் 12.9 மீட்டர் கடக்கிறது. அதற்குள் அரை மீட்டர் குறுக்கே நகர்கிறது. அதே திசையில் மீதி 6 மீட்டரைக் கடக்கையில் இன்னும் எவ்வளவு நகரும்? எளிய விகிதக் கணக்குதான்: 50 × 6 ÷ 12.9. விடை சுமார் 23 சென்டிமீட்டர். மூன்று ஸ்டம்புகளும் சேர்ந்த விக்கெட்டின் மொத்த அகலமே 22.86 சென்டிமீட்டர்தான்!

ஆகவே வலக்கை ஆட்டக்காரருக்கு வீசும்போது, இடக்கையர் பந்து அவரது ஆஃப் பக்கம் 23 சென்டிமீட்டர் விலகிச் செல்லும். வலக்கையர் பந்து கால் பக்கம் அதே அளவு செல்லும். குத்திய இடம் ஒன்று. போய்ச் சேரும் இடங்களுக்கு இடையே ஒன்றரை அடி. கோணம் என்னவோ இரண்டு பாகையைச் சற்றே தாண்டியதுதான். புட்டியில் நிறுத்திய ராக்கெட் வாணம் சிறிது சாய்ந்தால் அது யார் வீட்டுக் கூரைக்குப் போகும் என்பதை அறிந்த நமக்கு இது வியப்பளிக்காது.

ஆனால் இதே கோணம் இடக்கையருக்குத் தடையும் ஆகிறது. பந்து வளையாமல் நேரே சென்று நடு ஸ்டம்பைத் தாக்க வேண்டுமானால், அது நடுக்கோட்டிலிருந்து கால் பக்கம் சுமார் 16 சென்டிமீட்டர் தள்ளிக் குத்த வேண்டும். விக்கெட்டின் பாதி அகலம் 11.43 சென்டிமீட்டர். அதாவது பந்து கால் ஸ்டம்புக்கு வெளியே குத்துகிறது. அப்படிக் குத்திய பந்துக்கு எல்.பி.டபிள்யூ. தரக்கூடாது என்பது விதி. எனவே பந்தை உள்ளே வளைக்கத் தெரியாத இடக்கையருக்குக் கோணத்தின் பயன் பாதிதான்.

இதற்கு மற்றொரு வழி யார்க்கர். ஆட்டக்காரரின் கோட்டருகே குத்தும் பந்து அதன்பின் 1.22 மீட்டரே செல்ல வேண்டும். அதற்குள் அது குறுக்கே நகர்வது 3 சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். விலகிச் செல்லும் பந்தை எதிர்பார்த்து நிற்பவரின் ஸ்டம்பு விழுகிறது. நடராஜனின் யார்க்கருக்குப் பின்னால் உள்ள கணக்கு இதுவே.

அரிதாக இருப்பதன் பலன்

மணிக்கு 135 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து ஆட்டக்காரரை அடைய ஏறக்குறைய அரை விநாடி ஆகிறது. கண் கண்டு, மூளை முடிவெடுத்து, கை அசையத் தொடங்குவதற்கே சுமார் 0.2 விநாடி போய்விடும். எனவே ஆட்டக்காரர் பந்தின் முழுப் பாதையையும் பார்த்து அடிப்பதில்லை. தோளின் சுழற்சி, மணிக்கட்டின் நிலை, விடுபடும் கணம் ஆகியவற்றைக் கொண்டு பாதையை ஊகித்து அடிக்கிறார். இந்த ஊகம் பழக்கத்தால் வருவது. மக்களில் பத்தில் ஒருவரே இடக்கையர். ஆதலால் ஆட்டக்காரரின் பழக்கம் பெரும்பாலும் வலக்கைக்கு எதிரானதே. உலகில் அனைவரும் இடக்கையால் வீசினால் இந்த மதிப்பு மறுநாளே மறைந்துவிடும்!

பேஸ்பாலிலும் இதே கதை

அமெரிக்காவின் பேஸ்பால் ஆட்டத்தில் வீச்சாளருக்கும் அடிப்பவருக்கும் இடையே தூரம் 18.44 மீட்டர். பந்தின் பருமனும் கிரிக்கெட் பந்தை ஒத்ததே. அங்கும் மேல்நிலைத் தொழில்முறை வீச்சாளர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் இடக்கையர். இடக்கை ஆட்டக்காரரை அடக்க அவர்களே பெரிதும் பயன்படுகிறார்கள்.

அங்கே ஏலம் கிடையாது. 1965 முதல் 'டிராஃப்ட்' என்னும் தேர்வு முறை நடக்கிறது. அணிகள் முறை வைத்து, கல்லூரி, உயர்நிலைப் பள்ளி வீரர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும். 2007ஆம் ஆண்டில் நாடு முழுவதற்கும் முதலாவதாக எடுக்கப்பட்டவர் வேண்டர்பில்ட் பல்கலைக் கழகத்தின் இடக்கை வீச்சாளர் டேவிட் பிரைஸ். 2012இல் அவர் சிறந்த வீச்சாளருக்கான சை யங் விருதையும் பெற்றார்.

இந்த ஆட்டத்தில் இந்திய இடக்கையர் ஒருவரும் உண்டு. உத்தரப் பிரதேசத்தின் பதோஹியைச் சேர்ந்த ஈட்டி எறியும் வீரர் ரிங்கு சிங், 2008இல் இந்தியாவில் நடந்த பந்தெறியும் போட்டியில் வென்றார். அதே ஆண்டு பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டார். ஆயினும் கீழ்நிலை லீக்குகளைத் தாண்டி அவரால் உயர முடியவில்லை. முழங்கைக் காயம் அவரது பேஸ்பால் வாழ்வுக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

ஏறி இறங்கும் விலை

ஏலத்தின் விலை திறமையை மட்டும் அளப்பதில்லை. அந்த ஆண்டின் தேவையையும் அளக்கிறது. 3 கோடிக்குப் போன நடராஜனை மறு ஆண்டே ஐதராபாத் அணி 40 லட்சத்துக்கு எடுத்தது. பின்னர் 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் அவர் ஒருநாள், இருபது ஓவர், டெஸ்ட் ஆகிய மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். 2021இல் முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. 2024 நவம்பர் ஏலத்தில் டெல்லி அணி அவருக்குத் தந்தது 10.75 கோடி! கை அதே கைதான். நடுவில் ஏறியதும் இறங்கியதும் விலை.

எனவே இடக்கை இளைஞர்கள் மனத்தில் கொள்ள வேண்டியது இது. இடக்கை உங்களை ஒருமுறை திரும்பிப் பார்க்க வைக்கும். அதன்பின் நிற்பது வேகமும், குறி தவறாமையும், காயமில்லாத உடலுமே. ஏலத்துக்குப் பெயர் கொடுப்போரில் விலை போகாதவரே மிகுதி. ஆகவே பந்தை விடாதீர்கள், படிப்பையும் விடாதீர்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. இடக்கையால் எழுதும் குழந்தையை அடித்துத் திருத்தும் வழக்கம் நம்மிடையே இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. இடக்கைப் பழக்கம் நோயுமன்று, குற்றமுமன்று. மூளையின் அமைப்பையொட்டிய இயல்பு. அந்தக் குழந்தை பந்து வீசப் போகிறதோ, எழுதப் போகிறதோ, நமக்குத் தெரியாது. எதற்கானாலும் அதன் கையை அதனிடமே விட்டுவிடுவோம்.