மேகப் படம் சொல்வதும் சொல்லாததும்

சென்னையின் ஆண்டு மழையில் பெரும்பங்கைத் தருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை. அந்த மழையைக் கொண்டுவரும் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதிகளும் புயல்களும் வங்கக் கடலில் உருவாகி வளர்கின்றன. நிலத்தில் ஊருக்கு ஊர் மழைமானி வைக்கலாம். கடலில் அங்கங்கே மிதக்கும் சில மிதவைகளும், வழியில் போகும் கப்பல்களும் தரும் அளவுகளைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. புயல் கிளம்பிவிட்டால் கப்பல்களும் விலகிப் போய்விடும். இந்தப் பெரும் இடைவெளியை நிரப்புபவை வானிலைச் செயற்கைக்கோள்கள்.

வடசென்னையில் மணலியை ஒட்டிய மாத்தூர் போன்ற பகுதிகளுக்கு இந்த முன்னறிவு மிகவும் வேண்டியது. நகரின் மழைநீரோடு மேல்நிலத்து நீரும் இந்தத் தாழ்வான வட்டாரத்தை நோக்கியே வருகிறது. பூண்டி நீர்த்தேக்கத்தின் உபரிநீர் கொசஸ்தலை ஆற்றிலும், புழல் ஏரியின் உபரிநீர் தனிக் கால்வாயிலும் மணலி வட்டாரத்தைக் கடந்து எண்ணூர் முகத்துவாரத்தை அடைகின்றன. மழை பெய்யத் தொடங்கிய பிறகு மதகைத் திறப்பதற்கும், இரண்டு நாள் முன்பே திட்டமிட்டுத் திறப்பதற்கும் கரையோர மக்களுக்கு உள்ள வேறுபாடு பெரிது.

டைரோஸ் முதல் இன்சாட் வரை

வெற்றிகரமாக இயங்கிய முதல் வானிலைச் செயற்கைக்கோள் அமெரிக்காவின் டைரோஸ்-1. 1960 ஏப்ரல் 1 அன்று ஏவப்பட்ட அது 78 நாட்களே வேலை செய்தது. ஆனாலும் மேகக் கூட்டங்களை மேலிருந்து பார்த்து வானிலையை அறிய முடியும் என்பதை அது நிறுவிவிட்டது. இந்தியா 1982இல் அனுப்பிய இன்சாட்-1ஏ சில மாதங்களிலேயே செயலிழந்தது. 1983 ஆகஸ்ட்டில் விண்ணுக்குச் சென்ற இன்சாட்-1பி நன்றாக இயங்கியது. தொலைக்காட்சியும் தொலைபேசியும் பரவ உதவிய அதே செயற்கைக்கோள் மேகப் படங்களையும் அனுப்பியது.

வானிலைக்கென்றே இஸ்ரோ உருவாக்கிய முதல் செயற்கைக்கோள் 2002 செப்டம்பர் 12 அன்று ஏவப்பட்டது. மெட்சாட் என்று பெயரிடப்பட்டிருந்த அது, 2003இல் கொலம்பியா விண்கல விபத்தில் கல்பனா சாவ்லா இறந்தபின் கல்பனா-1 ஆனது. பின்னர் 2013இல் இன்சாட்-3டி, 2016இல் இன்சாட்-3டிஆர், 2024 பிப்ரவரியில் இன்சாட்-3டிஎஸ் என்று இந்த வரிசை வளர்ந்தது. கடைசி இரண்டும் சென்னைக்கு வடக்கே, பழவேற்காடு ஏரிக்கு அப்பால் உள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியவை.

இவை நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கி.மீ. உயரத்தில் இருக்கின்றன. அந்த உயரத்தில் செயற்கைக்கோள் ஒரு சுற்று முடிக்கும் நேரமும் பூமி தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும் நேரமும் ஒன்று. ஆகவே கீழிருந்து பார்த்தால் அது ஒரே இடத்தில் நிற்கும். அதன் பார்வையிலிருந்து வங்கக் கடல் ஒரு கணமும் விலகாது. வழக்கமாக அரை மணிக்கு ஒரு படம் வரும். இரண்டு செயற்கைக்கோள்கள் முறைவைத்து எடுக்கும்போது கால் மணிக்கு ஒன்று கிடைக்கும்.

ஒரே மேகம், பல பார்வைகள்

செயற்கைக்கோளின் படக்கருவி ஒளியைப் பல அலைநீளங்களில் பிரித்து அளக்கிறது. இன்சாட்-3டி வரிசையில் இதற்கு ஆறு அலைவரிசைகள் உண்டு. அவற்றுள் பொதுமக்கள் கண்ணில் அதிகம் படுபவை மூன்று.

கண்ணுறு ஒளிப் படம், மேகம் எதிரொளிக்கும் சூரிய ஒளியைக் காட்டுகிறது. ஒரு கி.மீ. அளவுக்கு நுணுக்கம் கொண்ட இதில் மேகத்தின் மேடுபள்ளங்களும் புயலின் சுருள் கைகளும் தெளிவாகத் தெரியும். ஆனால் இரவில் இது பயன்படாது.

அகச்சிவப்புப் படம் இரவு பகல் இரண்டிலும் வேலை செய்யும். மேகத்தின் உச்சி வெளிவிடும் வெப்பக் கதிரை அது அளக்கிறது. உயரம் கூடக் கூடக் காற்று குளிர்வதால், உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவு உயரத்துக்கு மேகம் எழும்பியிருக்கிறது என்று பொருள். வங்கக் கடலின் பெரும் இடிமேகங்களின் உச்சி பூஜ்யத்துக்குக் கீழே 70, 80 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும். தொலைக்காட்சியில் சிவப்பும் ஆரஞ்சுமாகத் தெரிவது இந்தக் குளிரைக் காட்டக் கணினியில் ஏற்றிய வண்ணம்.

மூன்றாவது நீராவிப் படம். மேகமே இல்லாத இடத்திலும் நடு, மேல் வளிமண்டலத்தில் ஈரம் எங்கே இருக்கிறது, வறண்ட காற்று எங்கே புகுகிறது என்பதை இது காட்டும். புயலின் மையத்துக்குள் வறண்ட காற்று நுழைந்தால் புயல் வலுவிழக்க வாய்ப்புண்டு; ஆகவே வானிலையாளர்கள் இந்தப் படத்தைக் கூர்ந்து கவனிப்பார்கள்.

இந்த வரிசைச் செயற்கைக்கோள்களில் காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் உயரவாரியாகக் கணிக்கும் கருவியும் இருக்கிறது. தானியங்கி வானிலை நிலையங்களும் கடல் மிதவைகளும் அனுப்பும் அளவுகளை வாங்கித் தரைக்கு அனுப்பும் வேலையையும் இவை செய்கின்றன.

மேகத்தின் உச்சியைப் பார்ப்பதோடு அகச்சிவப்பின் எல்லை முடிந்துவிடும். மேகத்தை ஊடுருவிப் பார்க்க நுண்ணலை வேண்டும். பூமியைத் தாழ்வாகச் சுற்றிவரும் செயற்கைக்கோள்கள் அந்த வேலையைச் செய்கின்றன. இந்தியாவின் ஸ்கேட்சாட்-1 (2016), ஓஷன்சாட்-3 (2022) ஆகியவை கடல் மேற்பரப்புக்கு நுண்ணலைத் துடிப்புகளை அனுப்பும்படி அமைக்கப்பட்டவை. காற்று கிளப்பும் சிற்றலைகளில் பட்டு அவை திரும்பும் வலிமையைக் கொண்டு, கடல்மேல் வீசும் காற்றின் வேகமும் திசையும் கணக்கிடப்படுகின்றன.

படத்திலிருந்து முன்னறிவிப்புக்கு

புயலின் வலிமையைப் படத்திலிருந்தே மதிப்பிடும் முறையை 1970களில் உருவாக்கியவர் அமெரிக்க வானிலையாளர் வெர்னன் டிவோராக். மேகச் சுருள் மையத்தை எவ்வளவு சுற்றி வளைத்திருக்கிறது, கண் தெரிகிறதா, அதைச் சூழ்ந்த மேகம் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று பார்த்து 1 முதல் 8 வரை எண் கொடுப்பது அந்த முறை. எண் 2.5ஐ எட்டினால் காற்று புயல் வேகத்தை அடைந்துவிட்டது எனக் கொள்வார்கள். வங்கக் கடலில் ஒரு தாழ்வு மண்டலம் எப்போது புயலானது என்று அறிவிப்பதில் இந்த எண்ணுக்குப் பெரும் பங்கு உண்டு.

அடுத்தடுத்த படங்களில் ஒரே மேகத் துணுக்கு எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்று கணினி பின்தொடர்ந்தால், அந்த உயரத்தில் வீசும் காற்றின் வேகம் கிடைத்துவிடும். இவையும் பிற அளவுகளும் சேர்ந்து டெல்லியில் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணினி மாதிரிகளுக்கும், நொய்டாவில் உள்ள தேசிய நடுத்தர கால வானிலை முன்னறிவிப்பு மையத்தின் மாதிரிகளுக்கும் உள்ளீடாகின்றன. ஐந்து நாட்களுக்கான முன்னறிவிப்பு அந்தக் கணக்கிலிருந்து பிறக்கிறது.

கரையை நெருங்கிய புயலை ரேடார் பார்த்துக்கொள்ளும். சென்னைத் துறைமுகக் கட்டடத்தின் உச்சியில் உள்ள டாப்ளர் ரேடார் 2002இல் இயங்கத் தொடங்கியது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை சுற்றுப்புற மழை மேகங்களை அளக்கும் இதன் வீச்சு அதிகபட்சம் ஏறத்தாழ 500 கி.மீ. அந்தமானுக்கு அருகே உருவாகும் புயலுக்கும் சென்னைக்கும் இடைவெளி ஆயிரம் கி.மீ.க்கு மேல் என்பதால், முதல் சில நாட்கள் செயற்கைக்கோளை நம்பியே தீர வேண்டும்.

எண்ணூர், காட்டுப்பள்ளி, சென்னைத் துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டு இந்த வேலைகளின் கடைசிப் படி. முதல் இரண்டு எண்கள் தொலைவில் உள்ள புயலைக் குறிக்கும். 3, 4 உள்ளூர் எச்சரிக்கை. 5 முதல் 7 வரை அபாயம். 8 முதல் 10 வரை பெரும் அபாயம். 11 தகவல் தொடர்பு அறுந்துவிட்டதைச் சொல்வது.

வர்தாவும் மிக்ஜாமும்

2016 டிசம்பரில் வந்த வர்தா புயல் அந்தமான் பக்கம் உருவாகி, அதி தீவிர புயலாக வலுப்பெற்று, பின் சற்றுத் தணிந்து 12ஆம் தேதி பிற்பகல் சென்னைக்கு அருகே கரையைக் கடந்தது. அதற்கு மூன்று மாதம் முன்பு, செப்டம்பரில்தான் இன்சாட்-3டிஆர், ஸ்கேட்சாட்-1 இரண்டும் விண்ணுக்குச் சென்றிருந்தன. புயலைப் பின்தொடர இரண்டின் தரவுகளும் பயன்பட்டன. புயலின் பாதை முன்கூட்டியே தெரிந்ததால் தாழ்வான பகுதி மக்களை முகாம்களுக்கு மாற்ற முடிந்தது. நகரின் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்த காற்றில் உயிரிழப்பு குறைவாக இருந்ததற்கு இது முக்கியக் காரணம்.

2023இன் மிக்ஜாம் வேறொரு பாடம் சொன்னது. அது கரையைக் கடந்தது டிசம்பர் 5 அன்று, ஆந்திராவின் பாபட்லா அருகே. ஆனால் 3, 4 தேதிகளில் சென்னைக்குக் கிழக்கே கடலில் மெதுவாக நகர்ந்தபோது அதன் மேற்குப் பக்க மழைப் பட்டைகள் நகரின் மேலேயே நின்றுவிட்டன. மணலி, எண்ணூர் வட்டாரம் வெள்ளத்தில் மிதந்தது. வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவி மீனவர்களின் படகுகளையும் வலைகளையும் பாழாக்கியது. புயல் எங்கே கரையைக் கடக்கும் என்பதை மட்டும் கேட்டு நிம்மதி அடைவது தவறு என்பதை அந்த நாட்கள் காட்டின.

மீன்பிடியும் ஆராய்ச்சியும்

காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போகும் விசைப்படகுகளுக்கு இரண்டு வகையில் இந்தத் தரவுகள் உதவுகின்றன. ஒன்று, கடலுக்குச் செல்ல வேண்டாம் என்ற எச்சரிக்கை. மற்றொன்று, ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையம் வெளியிடும் மீன்வளப் பகுதி அறிவிப்பு. கடல் மேற்பரப்பின் வெப்பம் சட்டென்று மாறும் இடங்களிலும் பச்சையம் மிகுந்த இடங்களிலும் மீன் கூடும். செயற்கைக்கோள் காட்டும் அந்த இடங்களின் திசை, தொலைவு, ஆழம் ஆகியவை அறிவிப்பில் இருக்கும். கடலை மேகம் மூடியிருந்தால் இந்தத் தரவு கிடைக்காது.

ஆழ்கடலில் இருப்பவரை எச்சரிக்கை எட்டாவிட்டால் பயனில்லை என்பதை 2017 நவம்பர் இறுதியில் குமரி முனையருகே திடீரென வலுத்த ஒக்கி புயல் உணர்த்தியது. அதன்பிறகு, செல்பேசி எட்டாத தொலைவில் உள்ள படகுகளுக்குச் செயற்கைக்கோள் வழியாகவே செய்தி அனுப்பும் கருவிகள் புழக்கத்துக்கு வந்தன.

ஆய்வாளர்களுக்கோ, பழைய படங்களும் பெரும் சொத்து. பல ஆண்டுப் படங்களை அடுக்கிப் பார்த்தால் வங்கக் கடல் எவ்வளவு சூடேறியிருக்கிறது, புயல்கள் எங்கே வேகமாக வலுப்பெறுகின்றன என்பன போன்ற கேள்விகளுக்கு விடை தேடலாம். இந்தியாவும் பிரான்சும் சேர்ந்து 2011இல் ஏவிய மேகா-டிராபிக்ஸ், வெப்பமண்டல மழையையும் ஈரத்தையும் ஆராய்வதற்கென்றே உருவானது. அகமதாபாத்தில் இஸ்ரோ நடத்தும் மாஸ்டாக் மையம் இத்தகைய தரவுகளைச் சேமித்து ஆய்வாளர்களுக்கு வழங்குகிறது.

எல்லைகள்

அகச்சிவப்புப் படத்தின் ஒரு கட்டம் ஏறத்தாழ 4 கி.மீ. அகலம் கொண்டது. மாத்தூரும் மணலியும் ஒன்றிரண்டு கட்டங்களுக்குள் அடங்கிவிடும். எந்தத் தெருவில் மழை கொட்டும் என்பதை இதிலிருந்து சொல்ல முடியாது. குளிர்ந்த உச்சி கொண்ட மேகமெல்லாம் மழை தருவதுமில்லை. உயரத்தில் படரும் மெல்லிய கீற்றுமேகமும் படத்தில் வெண்மையாகத் தெரியும். மாறாக, பருவக்காற்றில் கடலோரமாக வரும் தாழ்வான மேகங்கள், படத்தில் மங்கலாகத் தெரிந்தாலும் நல்ல மழையைக் கொட்டிவிடும்.

2021 டிசம்பர் 30 அன்று சென்னையில் யாரும் எதிர்பாராத கனமழை சில மணி நேரத்தில் பெய்து சாலைகளை மூழ்கடித்தது. கணினி மாதிரிகள் அதை முன்கூட்டிக் காட்டவில்லை. இத்தகைய குறுகிய நேர, குறுகிய பரப்பு மழையைப் பிடிக்க ரேடாரும் நெருக்கமான மழைமானி வலையும் தேவை. பள்ளிக்கரணையில் மற்றொரு டாப்ளர் ரேடார் சேர்ந்திருப்பது அந்த வகையில் பலம்.

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் இணையதளத்தில் இன்சாட் படங்களை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். படத்தில் உள்ள நேரம் சர்வதேச நேரமாக இருந்தால் ஐந்தரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும். ஒற்றைப் படத்தைவிட, சில மணி நேரப் படங்களை வரிசையாக ஓடவிட்டுப் பார்த்தால் மேகம் வளர்கிறதா, கலைகிறதா, எந்தத் திசையில் நகர்கிறது என்பது தெரியும். ஆனால் வீட்டைவிட்டு வெளியேறுவதா, கடலுக்குப் போவதா என்ற முடிவுக்கு வாட்ஸ்அப்பில் வரும் வண்ணப் படத்தை நம்பக் கூடாது. நுங்கம்பாக்கத்தில் உள்ள மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பையும் துறைமுகக் கூண்டையுமே ஆதாரமாகக் கொள்ள வேண்டும்.