புளியரை எஸ் வளைவில் லம்போர்கினியும் லோடு லாரியும்

பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் ஏற்றிய காய்கறி கேரளம் போய்ச் சேர, தென்காசி, செங்கோட்டை தாண்டிப் புளியரை ஏற்றத்தில் ஏறியாக வேண்டும். எஸ் வளைவு, கோட்டைவாசல், ஆரியங்காவு, தென்மலை என்று போகிற கொல்லம் சாலை அது. மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் பறக்கக்கூடிய லம்போர்கினி ஒன்றை இந்த மலைப்பாதையில் விட்டால், வளைவில் எவ்வளவு வேகத்தில் திரும்பும்?

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். திரும்பும் வண்டியைச் சாலையோடு பிடித்து வைப்பது டயருக்கும் தாருக்கும் இடையிலுள்ள உராய்வு. உராய்வுக் கெழு, புவியீர்ப்பு முடுக்கம், வளைவின் ஆரம் மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வழுக்காமல் திரும்பக்கூடிய உச்ச வேகம் கிடைக்கும். 15 மீட்டர் ஆரமுள்ள ஒரு கொண்டை ஊசி வளைவை எடுத்துக்கொள்வோம். காய்ந்த சாலையில் சாதாரணக் காரின் உராய்வுக் கெழு ஏறக்குறைய 0.8, வேகம் மணிக்கு 39 கிலோமீட்டர். சூப்பர் காரின் மென்மையான, அகலமான டயருக்கு 1.2 என்று தாராளமாகவே கொடுத்தாலும் 48தான். கோடிக்கணக்கில் விலை கொடுத்து வாங்கியது 9 கிலோமீட்டர்! சாரல் விழுந்து கெழு 0.4க்கு இறங்கிவிட்டால், எந்தக் காராக இருந்தாலும் 28ஐத் தாண்டக் கூடாது.

காற்றைக் கொண்டு காரைத் தரையோடு அழுத்தும் இறக்கைகளுக்கும் இங்கே வேலையில்லை. அந்த அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். மணிக்கு 240 கிலோமீட்டரில் கிடைப்பதில் முப்பத்தாறில் ஒரு பங்குதான் 40இல் கிடைக்கும். வண்டி எந்தப் பக்கம் நழுவுகிறது என்று உணர்ந்து தனித்தனிச் சக்கரத்துக்கு பிரேக் கொடுக்கும் மின்னணுக் கட்டுப்பாடு நல்ல துணைதான். ஆனால் இல்லாத உராய்வை அதனால் உண்டாக்க முடியாது.

லாரியின் கதை வேறு. மேலே எழுதிய சூத்திரத்தில் எடைக்கு இடமே இல்லை. ஆனால் லோடின் உயரத்துக்கு உண்டு. சக்கரங்களுக்கு இடையே 1.8 மீட்டர், எடைமையமும் தரையிலிருந்து 1.8 மீட்டர் என்றால், அதே வளைவில் காய்ந்த சாலையில் 31ஐத் தொட்டதும் உள்பக்கச் சக்கரங்கள் தூக்கிக்கொள்ளும். கார் வழுக்கும், லாரி வழுக்குமுன் கவிழும். வழுக்கும் கார் முன்கூட்டியே கொஞ்சம் அறிகுறி காட்டும். கவிழப்போகும் லாரி அப்படிக் காட்டுவதில்லை. அதனால்தான் லோடு ஓட்டுநரின் திறமையை நான் ஒரு படி மேலே வைக்கிறேன்.

2024 பிப்ரவரி 25 அதிகாலையில் இந்த எஸ் வளைவுப் பகுதியில் நடந்தது நினைவிருக்கலாம். கேரளத்திலிருந்து பிளைவுட் ஏற்றி இறங்கிய லாரி, கீழே செல்லும் செங்கோட்டை–புனலூர் ரயில் பாதையில் விழுந்தது. ஓட்டுநர் உயிரிழந்தார். அருகில் குடியிருந்த வயதான தம்பதி தண்டவாளத்தில் ஓடிப்போய் டார்ச் அடித்து ரயிலை நிறுத்தினார்கள். அந்த இருவரின் துணிச்சலைப் பேசும்போதெல்லாம் இறக்கத்தின் இயற்பியலையும் சேர்த்தே பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

16 டன் லாரி 100 மீட்டர் உயரம் இறங்கினால் சுமார் 1.57 கோடி ஜூல் ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். 50 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம் அது. முழுவதையும் பிரேக்கே சுமந்தால் டிரம் சூடேறி விரியும், லைனிங்கின் பிடிப்பு குறையும். மிதி அடிவரை போனாலும் வண்டி நிற்காது. “எந்த கியர்ல ஏறுனியோ அதே கியர்ல இறங்கு” என்று மூத்த ஓட்டுநர்கள் கிளீனர் பையன்களுக்குச் சொல்லித்தருவது இதற்குத்தான். கியரைக் குறைத்தால் அந்த ஆற்றலில் பெரும்பகுதியை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குகிறவர் அந்த உதவியைத் தானே வேண்டாம் என்கிறார்.

டயரின் பிடிப்புக்கு ஒரு வரம்பு உண்டு. திரும்பவும் நிற்கவும் அதையே பங்கிட்டுக்கொள்ள வேண்டும். எனவே பிரேக்கை வளைவுக்கு முன்பே முடித்துவிட்டு, பார்வையைத் தடுப்புச் சுவரில் வைக்காமல் சாலை வெளியேறும் திசையில் வைத்துத் திரும்புவார் தேர்ந்த ஓட்டுநர். பந்தயப் பாதையிலும் பாடம் இதுவேதான். அங்கே எதிரே பஸ் வராது என்பது மட்டுமே வித்தியாசம்.

எதிரே வந்தால் யார் ஒதுங்குவது? அகலம் போதாத மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்கின்றன 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுநர் ஒழுங்குமுறைகள். ஏற்றத்தில் நின்றுவிட்ட லோடு லாரியை மறுபடி நகர்த்தும்போது கிளட்ச் கருகும், வண்டி பின்னால் உருளும். பாவூர்சத்திரத்து வெங்காய லாரி ஏறி வருகிறதென்றால், இறங்குகிற லம்போர்கினிதான் நிற்க வேண்டும்.