சிறுகளா
கங்கைகொண்டான் புள்ளிமான் சரணாலயம் போன்ற முட்புதர்க் காடுகளில் வளரும் செடி. கிளையில் இணை இணையாக முள், கிள்ளினால் பால் வடியும் (கிள்ள வேண்டாம்!). வெள்ளைப் பூவுக்கு மல்லிகைச் சாயல். புளிக்கும் காய் ஊறுகாய்க்கு. பித்தத்துக்கும் வாய்க்கசப்புக்கும் நாட்டு மருந்து. கறுத்த பழத்தைப் பறித்த கையோடு தின்றால்தான் ருசி, உதட்டில் பால் பிசுபிசுத்தாலும்.

அந்தக் கருமைக்குக் காரணம் ஆந்தோசயனின் நிறமி. இதயத்துக்கு நல்லதென்று மேல்நாடுகளில் விற்கும் வட அமெரிக்க அரோனியா பழத்திலும் இதே வகை நிறமிதான். ரத்தக் குழாய்களுக்கு அது உதவக்கூடும் என்கின்றன ஆய்வுகள், முடிவு உறுதியாகவில்லை. ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டுப் பழம் தேடி வரவேண்டாம்.

வேரைத் தொடவே வேண்டாம். களா, அரளிக் குடும்பம். இதயத் துடிப்பையே மாற்றக்கூடிய பொருள்கள் வேரில் உண்டு.